நாலு விரல் மண்

காவல் நிலையத்தில் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது கண்ணுசாமியின் கண் முதலில் போனது முன் சக்கரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த மண்ணின் மேல்தான். ரைட்டர் நல்ல மனிதர். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எல்லாம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பெல் இருந்தது. பூட்டு இருந்தது. முன்னால் மாட்டியிருந்த கம்பிக்கூடை நசுங்கியிருந்தாலும் இருந்தது. ஓட்டிப் போன பிள்ளையைத் தவிர எல்லாம் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்தும் அந்த மண் மட்டும் முழுதாக உதிரவில்லை. வயல் மண் என்றால் கறுப்பாக இருக்கும், ரோட்டோரத்து மண் என்றால் சிவப்பாக இருக்கும். இது இரண்டையும் பிசைந்தது. வயல் சேற்றோடு ரோட்டோரத்துச் செம்மண்ணையும் சேர்த்து வரப்பு போட்டால்தான் இந்த நிறம் வரும். போட்டவருக்கு அது தெரிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

அங்கிருந்து எருக்கமேடு நாலு மைல். ஏறி ஓட்டியிருக்கலாம், முப்பது வருஷமாகச் சைக்கிள் மிதிக்கிறவர்தான். ஆனால் அது பெண் பிள்ளைகள் சைக்கிள், அரசாங்கம் அம்சவல்லியின் பெயரை எழுதி அவளுக்கென்று கொடுத்தது. பெற்ற அப்பனாக இருந்தாலும் அதில் ஏறி உட்கார அவருக்கு மனசு வரவில்லை. கடைத்தெரு வரைக்கும் தள்ளுவதில் சிரமம் தெரியவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் ரோடு ஒடுங்கியது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், நடுவே தார். தார் முடிகிற இடத்தில் வரப்பு தொடங்கியது, இடையில் ஒரு சாண் மண்கூட இல்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. சைக்கிளைத் தூக்கி வரப்பின் மேல் வைத்து, தானும் ஒரு காலை வயலுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். பஸ் போனதும் இறக்கித் தள்ளினார். அடுத்து ஒரு டிராக்டர், அதற்கடுத்து ஒரு லாரி. வீடு வந்து சேர இருட்டிவிட்டது.

அவர் இருந்த இருப்பை ஊரார் துக்கம் என்றார்கள். துக்கமாக இருந்தால் தேவலாம் என்று கண்ணுசாமிக்குத் தோன்றும். துக்கம் வந்தவன் அழுவான், குடிப்பான், யாரையாவது திட்டுவான். அவருக்கு ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டுவிட்டு எழுந்தவன் கால் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. ஊன்றினால் நிற்கிறது, ஆனால் தன்னுடையது என்று தெரியவில்லை. ஒருநாள் அவர் மனைவி நீலாம்பாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் சாப்பிட்டு எழுந்தார், அவளும் சாப்பிட்டு எழுந்தாள். மறுநாள் காலை பழையதுக்கு அதையே தொட்டுக்கொண்டார்கள், அப்போதும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மிச்சத்தை வாங்கிப் போன பக்கத்து வீட்டுக்காரி வாயில் வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

எருக்கமேட்டுக் காலனியில் ஒன்பது குடும்பங்களுக்கு ரோட்டை ஒட்டி ஆளுக்கு ஒரு ஏக்கர் உண்டு. சும்மா வந்த நிலமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் உச்சவரம்புச் சட்டப்படி பண்ணை நிலம் உபரி என்று காகிதத்தில் எழுதி, எழுதியதோடு கிடந்து, பிறகு கொடி நட்டு, அடி வாங்கி, ஆண்கள் பாதிப்பேர் ஜெயிலில் இருக்கும்போது பெண்கள் இறங்கி நடவு நட்டு, அப்படி வந்த நிலம். கண்ணுசாமியின் அப்பா காத்தானுக்கு இடது கை கடைசிவரை மடங்கவே இல்லை. பட்டா வாங்க ஒரு கை போதும் என்று மற்றதைப் பண்ணைக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவரே கேலி பேசுவார். பண்ணையின் வாரிசுகள் சென்னையில் இருந்துகொண்டு போட்ட வழக்கு ஒன்று இன்னும் கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அது எப்போது கண் விழிக்குமோ என்ற பயம் ஒன்பது வீட்டிலும் உண்டு.

ஒரு ஏக்கரை வைத்துக்கொண்டு யாரும் மிராசுதார் ஆகிவிட முடியாது. அதனால் எல்லாரும் ஒரு காரியம் செய்தார்கள். ஆடியில் தண்ணீர் வந்ததும் வரப்பின் ஓரங்களை மண்வெட்டியால் செதுக்கி, சேறு அப்பிப் புதுப்பிப்பது வழக்கம். அண்டை வெட்டுவது என்பார்கள். பக்கத்து வயல்காரனோடு பொதுவாக உள்ள வரப்பில் இதை வைத்து விளையாட முடியாது, மண்டை உடையும். ரோட்டுப் பக்கத்து வரப்பில் கேட்க ஆளில்லை. உள்ளே நாலு விரல் செதுக்கி வெளியே நாலு விரல் அப்பினால் வரப்பு நாலு விரல் நகர்ந்துவிடும். அப்புவதற்கு மண் வேண்டுமே, அதையும் ரோட்டோரத்திலேயே வெட்டிக்கொள்வார்கள். யாரும் இதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. சர்க்கார் நிலம்தானே, நாலு விரல்தானே. காத்தான் காலத்தில் தாருக்கும் வரப்புக்கும் நடுவே எட்டடி மண் தரை இருந்தது. மாடு போகும், வண்டி ஒதுங்கும், இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகும். முப்பத்து மூன்று வருஷத்தில் அந்த எட்டடியும் வயலாகி, நெல்லாகி, சோறாகி எல்லார் வயிற்றுக்குள்ளும் போய்விட்டது.

ஆடிப் பெருக்கு கழிந்து நாலாம் நாள் காலை கண்ணுசாமி ரோட்டுப் பக்கத்து அண்டையை வெட்டி முடித்தார். தாரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு புது வரப்பு வழவழவென்று கிடந்தது. மதியம் கஞ்சி கொண்டு வந்த நீலாம்பாள் கால் கட்டைவிரலால் அதை அழுத்திப் பார்த்தாள். விரல் அப்படியே உள்ளே போனது.

"பச்ச மண்ணா இருக்கு. நாலு செங்கல்லயாவது போட்டு மெத்திக் கெட்டி பண்ணி விடுங்க. புள்ளைங்க சைக்கிள்ல வர்ற வழி."

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் கண்ணுசாமி.

அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலம் நாலே முக்காலுக்கு அம்சவல்லி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பினாள். பின்னால் மணல் லாரி ஹாரன் அடித்தது. எல்லாரையும் போல அவளும் தாரை விட்டு இடது பக்கம் ஒதுங்கினாள். முன் சக்கரம் பச்சை மண்ணில் புதைந்தது, சைக்கிள் வலது பக்கம் ரோட்டில் சாய்ந்தது. அந்தப் பெண் தானாகவே வந்து விழுந்தது என்று லாரி டிரைவர் கொடுத்த வாக்குமூலத்தை ஊரே காறித் துப்பியது. அதை நம்பியவர்கள் எருக்கமேட்டில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விவசாயச் சங்கத்து ரெத்தினம் சும்மா இருக்கிறவரில்லை. நிலப் போராட்டத்தில் காத்தானோடு ஜெயிலுக்குப் போனபோது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது அறுபதைத் தாண்டியும் குரல் மட்டும் இறங்கவில்லை. அவருக்கும் அந்த ஒன்பதில் ஒரு ஏக்கர் உண்டு. பிரேதத்தை எடுக்க விடாமல் ஊரைக் கூட்டி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். சைக்கிள் கொடுத்தீர்களே, ஓட்ட இடம் கொடுத்தீர்களா என்று அவர் கேட்டது மறுநாள் பேப்பரில் வந்தது. சைக்கிள் கொடுத்தது முந்தின ஆட்சி. மே மாதம் ஆட்சி மாறியிருந்ததால் அதிகாரிகளுக்குத் தலையாட்டுவது சுலபமாக இருந்தது. பள்ளிக்கூட வாசலிலிருந்து எருக்கமேடு வரை, தாருக்கு வெளியே, சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் மட்டும் ஒரு பாதை போடுவதாக எழுதிக் கொடுத்தார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறாதபடி இடையில் கல் வரிசை. மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கீடு போய்விடும். ரெத்தினம் கண்ணுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம் மவ பேரச் சொல்லி நாப்பது புள்ளைங்க படிக்கும்டா" என்றார். கண்ணுசாமி தலையாட்டினார்.

நாற்பது என்பது வாய்க்கு வந்த எண் இல்லை, காலனியிலும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் அத்தனை பிள்ளைகள் இருந்தார்கள். காலை ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது பதினொன்றுக்குத்தான். சைக்கிள் வந்த பிறகுதான் அங்கே பெண் பிள்ளைகள் பத்தாவதைத் தாண்டினார்கள். ஆடிக்குப் பிறகு கொஞ்ச நாள் வீட்டுக்கு வீடு சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடந்தது, அதன் மேல் துணி காய்ந்தது. மூன்று பேர் படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தியைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பினார்கள். ஒருத்தி வீட்டோடு இருந்தாள். இன்னொருத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் ரெத்தினத்தின் பேத்திதான். மற்ற பிள்ளைகள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, வாயைத் திறக்காமல் போய் வந்தார்கள். அம்சவல்லிக்கு வாய் ஓயாது. பின்னால் வருகிறவளோடு பேசுவதற்குக் கழுத்தைத் திருப்பித் திருப்பி, வீட்டுக்கு வந்ததும் கழுத்து வலிக்கிறது என்று அப்பாவிடம் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடச் சொல்வாள். ரெண்டு பேர் சேந்து போற மாதிரி ரோடு போட்டா என்னப்பா என்பாள். அப்போதெல்லாம் கண்ணுசாமி சிரித்திருக்கிறார்.

கார்த்திகைக் கடைசியில் தாலுகா அலுவலகத்திலிருந்து காகிதம் வந்ததும் விஷயம் வேறு மாதிரித் திரும்பியது. பாதைக்குப் புதிதாக நிலம் எடுக்க வேண்டியதே இல்லையாம். வரைபடப்படி ரோட்டோரத்தில் எட்டடிக்கு மேல் புறம்போக்கு ஏற்கெனவே இருக்கிறதாம், எங்கே இருக்கிறது என்று சர்வேயர் வந்து அளந்து காட்டுவாராம். ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டடி என்றால் ஆளுக்குப் பதினோரு குழி, மூன்றரை சென்ட், போகும். அதைவிடப் பெரிய பயம் வழக்கு. அளவில் வித்தியாசம் என்று சர்க்காரே எழுதிவிட்டால் தூங்குகிற வழக்கைத் தட்டி எழுப்ப அது ஒன்று போதும் என்று ரெத்தினம் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணுசாமியின் பக்கம் திரும்பவில்லை. காலனி வயல்கள் தொடங்குகிற மதகடியில் ஓர் எல்லைக்கல் நிற்கிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் ஒரு கல்லை வைத்துக்கொண்டு கோடு இழுக்க முடியாது, இன்னொன்று வேண்டும். அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிவிட வேண்டியது. சாமி இல்லை என்று முப்பது வருஷம் மேடை போட்டுப் பேசிய ரெத்தினம்தான் கற்பூரம் வாங்கி வரச் சொன்னார். ஒவ்வொருவராக எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். கண்ணுசாமி அடித்த கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்தான் பிடித்துத் தூக்கிவிட்டார். சுடவில்லை. மறுநாள் உள்ளங்கையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறது என்று தெரிந்தது.

அந்த இன்னொரு கல் கண்ணுசாமியின் வயலுக்குள்தான் இருந்தது. மற்றவர்கள் தங்கள் வயலில் இருந்ததையெல்லாம் பிடுங்கித் துவைக்கிற கல்லாக்கிவிட்டார்கள். காத்தான் மட்டும் பிடுங்கச் சம்மதிக்கவில்லை. கல்லைப் பிடுங்கினால் பட்டாவும் கூடவே போய்விடும் என்று அவருக்கு ஒரு பயம். வருஷா வருஷம் வரப்பு நகர நகர, கல் வயலுக்குள் வந்துவிட்டது. பிறகு தலையை மட்டும் தட்டி உடைத்துச் சேற்றால் மூடினார்கள். உழும்போது அந்த இடத்தில் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு போவார் கண்ணுசாமி. கண்ணைக் கட்டி விட்டாலும் அவர் கால் அங்கே போய் நிற்கும்.

மார்கழி மூன்றாம் நாள் காலையில் சர்வேயர் அப்துல் ஹமீது வந்தார். கூட ஒரே ஓர் உதவியாள், ஓர் இரும்பு டேப், மடித்து மடித்து நைந்துபோன வரைபடம். சம்பாப் பயிர் சூல் கட்டி நின்றது. அந்தப் பருவத்தில் யாரும் வயலுக்குள் கால் வைக்க மாட்டார்கள், களை இருந்தாலும் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஹமீது மதகடிக் கல்லைக் கண்டுபிடித்துச் சுண்ணாம்பு தடவி, உதவியாளை அங்கே கம்போடு நிறுத்தினார். பிறகு வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்டார். எட்டுப் பேரும் மனப்பாடம் செய்த மாதிரிச் சொன்னார்கள். இருபத்தைந்து வருஷமாகக் கல் தேடுகிற மனிதருக்கு யார் எதை மறைக்கிறார்கள் என்று தெரியாதா. ஆனாலும் அவர் சண்டைக்கு நிற்கவில்லை. கல் இல்லை, எல்லைத் தகராறு என்று எழுதிவிடுவேன் என்றார். டவுனிலிருந்து பாதை மதகு வரைக்கும் வரும், அதற்கு இந்தப் பக்கம் வராது, பிள்ளைகள் மதகில் ரோட்டுக்கு ஏறிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். கடைசியாகக் கண்ணுசாமியிடம் வந்தார். அவர் யார் என்று ஹமீதுக்குத் தெரியும்.

"ஒங்களக் கேக்கவே எனக்கு வாய் வரலங்க. இருந்தாலும் கேக்கணும். கல்லப் பாத்திருக்கீங்களா?"

கண்ணுசாமி பயிரைப் பார்த்தார். பயமோ கோபமோ ஏதாவது ஒன்று வந்து தள்ளினால் அந்தப் பக்கம் போய்விடலாம் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அப்பாவின் கை நினைவுக்கு வந்தது, கற்பூரம் நினைவுக்கு வந்தது, இந்த எட்டுக் குடும்பமும் நாளைக்குத் தன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காது என்பதும் தெரிந்தது. எல்லாம் யாருக்கோ நடப்பது போலத் தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் மதகின் மேல் நின்றார்கள். அவர்களில் நீலாம்பாளும் இருந்தாள். அவள் சர்வேயரைப் பார்க்கவில்லை, கண்ணுசாமியையும் பார்க்கவில்லை. ரோட்டோரத்தில் இப்போது இறுகிப் புல் முளைத்துக் கிடந்த வரப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார்.

"டேய் கண்ணு, பயிருடா" என்றார் ரெத்தினம். கண்ணுசாமி இரண்டு எட்டு வைத்தார். "ஒங்கப்பன் கை ஒடிஞ்சு வாங்குன மண்ணுடா அது."

கண்ணுசாமி நின்று திரும்பினார். நாலு மாதமாக அதிகம் பேசாததால் குரல் கரகரத்தது.

"அப்பா வாங்குனது ஒரு ஏக்கர்ண்ணே. மேக்கொண்டு உள்ளது நான் வெட்டுனது. ஆடியில வெட்டுனதும் நாந்தான். காலையில வெட்டுனேன், சாயங்காலம் புள்ள வந்துச்சு."

மதகின் மேல் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரெத்தினம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார். கண்ணுசாமி பயிரைக் கையால் விலக்கிக்கொண்டு நடந்தார். எவ்வளவு பார்த்து வைத்தாலும் காலடியில் சில தூர்கள் மடங்கின. கெண்டைக்கால் வரை தண்ணீர் இருந்தது. ஓரிடத்தில் நின்று பாதத்தைச் சேற்றுக்குள் துழாவினார். கல் தட்டுப்பட்டது. இங்கே என்றார்.

ஹமீது வரப்பிலிருந்து டேப்பின் நுனியை வீசினார். கண்ணுசாமி அதைப் பிடித்து, குனிந்து, கல்லுக்கு நேராக வைத்துக்கொண்டார். மறுமுனையைத் தார் விளிம்பில் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. உதவியாள் மதகடியில் கம்போடு நின்றான், ஹமீதின் கையில் வரைபடமும் பென்சிலும் இருந்தன. யாராவது ஒருத்தர் வாங்க என்று எட்டுப் பேரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் நாலைந்து பேர், கூட்டத்தைத் தாண்டிப் போக வழியில்லாமல், தாரில் ஒற்றைக் காலை ஊன்றிச் சைக்கிளோடு வரிசையாக நின்றார்கள்.

நீலாம்பாள் மதகிலிருந்து இறங்கி வந்தாள். டேப்பை வாங்கிக்கொண்டு தாரின் விளிம்பில் குந்தினாள். எந்த இடம் என்று அவளுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. டேப் பயிரின் மேல் தொய்ந்து கிடந்தது. கொஞ்சம் இழுத்துப் பிடிங்கம்மா என்றார் ஹமீது. இழுத்தாள். அது கதிர் மறைந்திருந்த தோகைகளுக்கு மேல் எழும்பி நேராக நின்றது. எட்டடி மூன்று அங்குலம் என்று குனிந்து படித்து எழுதிக்கொண்டார். போதும்மா, விட்டுடலாம் என்றார்.

அவள் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலைத் தாரில் ஊன்றிக்கொண்டு இன்னும் இழுத்தாள். தலை கவிழ்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. டேப்பின் விளிம்பு கண்ணுசாமியின் விரல்களை அறுத்தது, வலி முழங்கை வரைக்கும் ஏறியது. சேற்றுக்குள் இருந்த கல்லை இரண்டு பாதத்தாலும் இறுக்கிக்கொண்டு, அவரும் விடாமல் பிடித்திருந்தார்.